மஞ்சள் ஒயர்

நான் பயந்தவன் இல்லை. இதை முதலில் எழுதி வைக்கிறேன். ஏனென்றால் இனி எழுதப்போவது முழுக்கப் பயத்தைப் பற்றித்தான். நாற்பத்தைந்து வருடமாக மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறேன். எண்பதடிக் கிணற்றில் இடுப்புக் கயிற்றோடு இறங்கி, அந்தரத்தில் தொங்கிக்கொண்டு நட்டுக் கழற்றியிருக்கிறேன். மூன்று பேஸ் கரண்ட் என்னை இரண்டு தடவை தூக்கி எறிந்திருக்கிறது. இரண்டு தடவையும் எழுந்து, டீ குடித்துவிட்டு, அதே மோட்டாரை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

படித்தது மூன்றாம் வகுப்பு. என் அப்பனுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் குனிந்தே வளைந்த முதுகு அவருடையது. பழைய காயிலின் வார்னிஷை எரித்துச் செம்பைப் பிரித்தெடுக்கிற வேலையில் ஆரம்பித்தவன் நான். இன்றைக்குப் பசுமலையில் மூன்று மாடி வீடு. திருப்பரங்குன்றம் போகிற ரோட்டில் சொந்தக் கடை. காலேஜில் மோட்டாரைப் பற்றிப் பாடம் நடத்துகிற வாத்தியாரே, தன் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் என் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அதில் என்ன வெட்கம்?

அப்பேர்ப்பட்ட என்னை, இரண்டு தீப்பெட்டியை ஒன்றின்மேல் ஒன்று வைத்த அளவுள்ள இரண்டு காற்றாடிகள் ஒன்பது நாள் நடுங்க வைத்தன.

முதலில் அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த கதை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் களவு போனது. உடனே நான் என் வீட்டுக்குப் பதினாலு கேமரா வைத்தேன். தெருவில் யாரும் நாலுக்கு மேல் வைத்ததில்லை. பதினாலு கேமராவின் ஒயரும் ஒரு இடத்தில் வந்து சேர வேண்டும். அங்கிருந்துதான் படமும் போகும், கேமராவுக்குக் கரண்டும் போகும். அதற்கு ஒரு பெட்டி. கேமரா மாட்டுகிறவர் அதை நெட்வொர்க் சுவிட்ச் என்றார். எனக்கு அது பெட்டிதான்.

"அண்ணே, வீட்டுக்குச் சின்னப் பொட்டி ரெண்டு போட்டா போதும்ணே. ஃபேனே இருக்காது, சத்தமும் வராது" என்று அவர் சொன்னார்.

நான் கேட்கவில்லை. ஏதோ ஒரு கம்பெனி ஆபீஸைக் காலி செய்தபோது வெளியே வந்த பெட்டி ஒன்று பழைய சாமான் கடையில் கிடந்தது. ஒயர் சொருக இருபத்துநாலு ஓட்டை, இரும்புக் கூடு. தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். எங்கள் தொழிலில் கனம் என்றால் உள்ளே செம்பு தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம். சின்னப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பொரி உருண்டை மாதிரி இருந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

முதல் மாடியில் உள்ளடங்கிய ஒரு அறை. அங்கேதான் எல்லா ஒயரையும் சுவருக்குள்ளேயே பதித்துக் கொண்டுவந்து சேர்த்தோம். பெட்டியைச் சுவரில் தலை உயரத்துக்கு மேல் மாட்டி, சுவிட்சைப் போட்டதும் மார்பிள் அறுக்கிற மிஷின் மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் அடங்கும் என்று நின்றோம். கொஞ்சம்தான் அடங்கியது. மீதி அப்படியே நின்று ஊளையிட்டது.

"ஊருக்கெல்லாம் மோட்டார் சரி பண்ணி அனுப்புறீங்க. நம்ம வீட்டுக்குள்ள ஒரு மாவு மில்ல கொண்டாந்து மாட்டிட்டீகளே" என்றாள் என் வீட்டுக்காரி.

"களவாணி எவனும் உள்ள வரமாட்டான்ல?"

"எப்படி வருவான்? வந்தா அவன் காது போயிரும்ல."

அந்த அறையில் யாரும் படுப்பதில்லை. கதவைச் சாத்தினால் சத்தம் தெரியாது. அதனால் அது பாட்டுக்கு ஊளையிட்டுக் கிடந்தது. அப்படியே ஒரு வருடம் போனது.

பிறகு தலைப்பிரசவத்துக்கு என் மகள் வந்தாள். மாப்பிள்ளை வளைகுடாவில் வேலை. கம்ப்யூட்டர் சமாச்சாரம் எல்லாம் தெரிந்தவர், அமைதியான பிள்ளை. நாள் குறித்ததற்கு ஏழு வாரம் முந்தியே பேத்தி பிறந்துவிட்டாள். கையில் ஏந்தினால் என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைகூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதம் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என் மகளை உட்கார வைத்துச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"பிள்ளைய சூடா வச்சுக்கணும். ஏசி வேண்டாம். தூசி ஆகாது. ஆளுங்க வந்து போறதும் ஆகாது. முக்கியமா மூச்சக் கவனிக்கணும். இம்புட்டுச் சின்னப் பிள்ளைங்க சில நேரம் மூச்சு விட மறந்துரும். சத்தம் நின்னாப்புல இருந்தா உள்ளங்கால சுண்டணும், உடனே எடுத்துக்கிட்டு வந்துரணும்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் பிள்ளையின் மூச்சையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கீழே என் அறையில் செம்புக் கம்பியும் வார்னிஷ் டப்பாவும் அடுக்கி வைத்திருந்தேன். அந்த வாடை பிள்ளைக்கு ஆகாது. மேல்மாடி கொதிக்கும். பாத்ரூம் சேர்ந்த, தூசி வராத அறை என்று பார்த்தால் பெட்டி மாட்டிய அறை ஒன்றுதான். கட்டிலை அங்கே போட்டோம். ஒரு நாள் போனது. மறுநாள் காலையில் மகள் கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றாள்.

"அப்பா, அந்தப் பொட்டி சத்தத்துல பிள்ள மூச்சு கேக்க மாட்டேங்குதுப்பா. மூக்குக்குக் கீழ வெரல வச்சுக்கிட்டே இருக்கேன். அதக் கழட்டிருங்கப்பா."

இந்த இடத்தில் நான் "சரி ஆத்தா" என்று சொல்லியிருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. எனக்கு மனசு வரவில்லை. பதினாலு கேமராவும் கண்ணை மூடிக்கொள்ளும். இன்னொரு காரணமும் இருந்தது. அதுதான் எனக்குத் தோதாகக் கிடைத்தது. அந்த அறையில் பெட்டிக்கு மேலேயே ஒரு கேமரா உண்டு. மாப்பிள்ளை அங்கே வேலை செய்துகொண்டே தன் போனில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னும் கையில் தூக்காத பிள்ளை.

"மாப்ள எப்படிப் பாப்பாரு? சத்தந்தான வேணாம்? ஊர்ல ஓடுற காத்தாடியெல்லாம் என் கைக்குள்ள. இந்தச் சுண்டக்கா காத்தாடிய அடக்க முடியாதா எனக்கு?" என்றேன்.

கேமராக்காரருக்குப் போன் போட்டேன். "வேணாம்ணே. கம்பெனி சாமான். ஃபேன்ல கை வச்சா அதுக்குத் தெரிஞ்சுரும், ஆரஞ்சு லைட்டப் போட்டு நின்னுக்கிரும். நான் வரமாட்டேன்" என்று வைத்துவிட்டார். மாப்பிள்ளைதான் தேடிப் பிடித்து, சத்தமில்லாத ரகம் என்று இரண்டு காற்றாடி கூரியரில் வரவழைத்துக் கொடுத்தார்.

பிள்ளையை டாக்டரிடம் காட்ட மகளும் வீட்டுக்காரியும் போன ஒரு காலையில் வேலையில் இறங்கினேன். கூட்டைத் திறந்தேன். செம்பு ஒன்றும் பெரிதாக இல்லை. கனமெல்லாம் வெறும் இரும்பு. இரண்டு குட்டிக் காற்றாடி, ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று மூன்று ஒயர். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தேன். அதிர்வு கூட்டுக்குப் போகாமல் இருக்க சைக்கிள் டியூபில் வளையம் வெட்டி நாலு மூலைக்கும் கொடுத்தேன். அது என் சொந்த யோசனை. எவனும் சொல்லித் தரவில்லை. போட்டுப் பார்த்தால், காதை ஒட்டி வைத்தால்தான் ஓடுகிறது என்று தெரிகிறது. சிரித்துவிட்டேன்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆரஞ்சு லைட் மினுக்கியது. பெட்டி தானாக நின்றுகொண்டது.

மீட்டரை எடுத்தேன். பழைய காற்றாடியை வெளியே வைத்து ஓட்டி ஒவ்வொரு ஒயராகப் பார்த்தேன். ஓடும்போது மஞ்சளில் ஒன்றும் இல்லை. விரலால் இறக்கையை நிறுத்தினால் மஞ்சளில் கரண்ட் ஏறுகிறது. விளங்கிவிட்டது. காற்றாடி நின்றுபோனால் பெட்டிக்குச் சேதி சொல்கிற ஒயர் அது. புதுக் காற்றாடி வேறு மாதிரி சேதி சொல்கிறது. பெட்டிக்கு அது புரியவில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், பெட்டியிலிருந்து வருகிற மஞ்சளை வெட்டி, கரண்ட் இல்லாத கறுப்போடு சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். இனிக் காற்றாடி ஓடினாலும் நின்றாலும் பெட்டிக்கு ஒரே சேதிதான்: ஓடுகிறது, ஓடுகிறது. லைட் பச்சைக்கு வந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது அறை கோயில் மாதிரி இருந்தது. மகள் பிள்ளையைப் படுக்க வைத்துக் குனிந்து காதைக் கொடுத்தாள். அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. "கேக்குதுப்பா" என்றாள். வீட்டுக்காரிகூட, "பரவால்ல, மூணாங்கிளாஸ் மூளைக்கு இது சாஸ்திதான்" என்றாள்.

அன்று மாப்பிள்ளை போனில் கேட்டார். "மாமா, ஆரஞ்சு லைட்டு வரலையா?"

"பச்சை மாப்ள. பசேல்னு இருக்கு."

"மஞ்ச ஒயர என்ன செஞ்சீங்க? அந்தப் பொட்டிக்கு இந்த ஃபேனோட சிக்னல் ஒத்துக்காதுன்னு சில பேரு நெட்டுல எழுதியிருந்தாய்ங்க, அதான் கேட்டேன்."

"அதெல்லாம் முறையாக் குடுத்தாச்சு மாப்ள. நாப்பத்தஞ்சு வருசமா நான் என்ன புளியம்பழமா உலுக்கிக்கிட்டு இருக்கேன்?"

"சரி மாமா" என்று வைத்துவிட்டார். மாமனாரை எப்படி மேலே கேட்பார்?

மறுநாள் கடையில் இருக்கிறேன். கிழக்கே இருந்து விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி, எரிந்துபோன மோட்டாரைக் குட்டியானை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் அந்த வாடை. கருகிய வார்னிஷ் வாடை. எனக்கு அது பழகிய வாடை, சோறு போட்ட வாடை.

"ரிலேயக் கட்டி வச்சு ஓட்டுனியாய்யா?" என்று வழக்கம்போல் கேட்டேன்.

"நீங்கதானண்ணே போன கோடையில வந்து கட்டிக் குடுத்தீங்க?" என்றார் அவர்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மோட்டாருக்கு ஒரு ஸ்டார்ட்டர் இருக்கும். அதற்குள் ரிலே. ஒரு பேஸ் போய்விட்டாலோ வோல்டேஜ் இறங்கிவிட்டாலோ அது மோட்டாரை நிறுத்திவிடும், எரியாமல் காப்பாற்ற. கோடையில் கரண்ட் இருக்கிற கொஞ்ச நேரத்தில் அது சும்மா சும்மா நிறுத்தினால் பயிர் காயும். அதனால் சம்சாரிகள் என்னைக் கூப்பிட்டு, "அந்தச் சனியனக் கட்டி விடுங்கண்ணே" என்பார்கள். நான் குச்சியை வைத்து அடைத்தோ, ஒயரைச் சேர்த்து முறுக்கியோ கட்டிவிடுவேன். மோட்டார் நிற்காமல் ஓடும். அப்புறம் ஒரு நாள் எரியும். எரிந்ததும் என்னிடமே வரும். இதை நான் தப்பாக நினைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாக் கடைக்காரனும் செய்கிற வேலை.

ஒரே ஒரு தடவை, அழகர்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டாரோடு சேர்ந்து கொட்டகையும் எரிந்தது. உள்ளே இரண்டு வெள்ளாடு கட்டியிருந்தது. நான் போய்ப் பார்த்தேன். கயிறு எரிவதற்குள் ஆடு எரிந்துவிட்டது. "வோல்டேஜ் கோளாறுப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சம்சாரி நின்றுகொண்டே இருக்கிறார். முந்தின நாள் நான் முறுக்கிய மஞ்சளும் கறுப்பும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. என் வீட்டில், என் பேத்தி தலைக்கு மேல், நானே ரிலேயைக் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். பசுமலை ஏற்றம் வரைக்கும் எதிரே வந்த எவனையும் பார்த்த ஞாபகம் இல்லை. நேரே மாடிக்குப் போய், புறங்கையைப் பெட்டியில் வைத்தேன். மோட்டார்க்காரன் உள்ளங்கையை வைக்க மாட்டான். கரண்ட் அடித்தால் கை பிடித்துக்கொள்ளும். சூடு இருந்தது. ஆனால் அது எவ்வளவு சூடு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மோட்டாராக இருந்தால் இத்தனை எண்ணும்வரை கை வைக்க முடிந்தால் சரி என்று ஒரு கணக்கு உண்டு. இந்தப் பெட்டிக்கு என்ன கணக்கு? அறையே சூடு. ஏசி கிடையாது, ஜன்னல் பாதி சாத்தியிருக்கிறது, வெளியே சித்திரை வெயில். காதை வைத்தேன். மோட்டாரைப் பார்க்காமலேயே, சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறவன் நான். இதில் கேட்க எதுவுமே இல்லை. அப்படி ஆக்கி வைத்ததும் நான்தான்.

"என்னப்பா பாக்குறீங்க?"

"தூசி இருக்கான்னு பாத்தேன் ஆத்தா."

அப்போதே சொல்லியிருக்கலாம். முந்தின நாள் பார்த்த அந்தச் சிரிப்பை என் கையாலேயே பிடுங்க வேண்டும் என்று நினைத்தபோது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பட்டது.

அதிலிருந்து நான் வீட்டிலேயே கிடந்தேன். அரை மணிக்கு ஒரு தடவை ஏதாவது சாக்கு வைத்து மாடிக்குப் போவேன். வெந்நீர் கொண்டுவந்தேன் என்பேன். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பேன். போய்ப் புறங்கையை வைப்பேன். கீழே இறங்கி நாற்காலியில் உட்கார்ந்ததும், இப்போது நின்றிருக்குமோ என்று தோன்றும். மூக்கில் அந்த வார்னிஷ் வாடை வரும். அது என் சட்டையிலிருந்தே வருகிறதா, மேலேயிருந்து வருகிறதா என்று தெரியாமல் சட்டையைக் கழற்றி மோந்து பார்ப்பேன்.

"பேத்தியப் பாக்கப் போறீகளா, பொட்டியப் பாக்கப் போறீகளா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். "போறப்ப ஒரு மூஞ்சி, வாரப்ப ஒரு மூஞ்சி. ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?"

"ஒண்ணும் செய்யல. சும்மா இரு."

கடைசியில் மகளே சொல்லிவிட்டாள். "அப்பா, கோவிச்சுக்காதீங்க. கடைத் தூசியோட அடிக்கடி வாரீங்க. இனிமே நான் கூப்பிட்டா மட்டும் வாங்க." அதோடு உள்ளே தாழ்ப்பாளும் போட ஆரம்பித்தாள்.

அவள் குளிக்கப் போன நேரம் வீட்டுக்காரியை ஒரு நிமிடம் வெளியே அனுப்பிவிட்டு ஒரு வேலை செய்தேன். கடையில் காயிலை வரிந்து கட்டுகிற பருத்தி நூலில் ஒரு சாண் எடுத்து, பெட்டியின் காற்றாடி ஓட்டைப் பக்கம் முடிந்துவிட்டேன். நூல் காற்றில் சாய்ந்து நின்றால் காற்றாடி ஓடுகிறது, தொங்கினால் நின்றுவிட்டது. கதவு கொஞ்சம் திறந்தால்கூட வாசலில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். காற்று வெளியே தள்ளுகிற பக்கத்தில்தான் இப்படி நூல் கட்ட வேண்டும். அந்தப் பக்கம் வாசலிலிருந்து தெரியாது. இழுக்கிற பக்கம்தான் தெரியும். அவசரத்தில் அங்கேயே கட்டிவிட்டேன்.

மற்ற நேரமெல்லாம் கீழே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். டிவியில் பதினாலு கட்டம். பதிமூன்றை நான் பார்க்கவே இல்லை. ஒரு கட்டத்தில் கட்டில், அதில் ஒரு வெள்ளைத் துணி மூட்டை, அதுதான் பேத்தி. படம் வருகிறவரைக்கும் பெட்டி உயிரோடு இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கேமராவுக்குப் பெட்டி தெரியாது. பெட்டிக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிற கேமரா அது. கண்ணுக்குக் கீழே தீப்பிடித்தாலும் புகை ஏறுகிறவரைக்கும் காட்டாது. இதையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளாட்டுக் கயிறு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

ஒன்பதாம் நாள். மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். வீட்டுக்காரி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். மகள் பால் கொடுத்துவிட்டுப் பிள்ளையோடு படுத்திருந்தாள். டிவியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன்.

பதினாலு கட்டமும் கறுப்பு.

மூட்டு வலி வந்த பிறகு நான் அந்தப் படியை ஓடி ஏறியதில்லை. அன்றைக்கு எப்படி ஏறினேன் என்று தெரியாது. கதவு உள்ளே தாழ்ப்பாள். இரண்டு கையாலும் அடித்தேன். "ஆத்தா! ஆத்தா! கதவத் திற!" என்று கத்தினேன். கிணற்று மேட்டில் நின்று கத்துகிற குரல் என்னுடையது. உள்ளே ஏதோ விழுகிற சத்தம். மகள் தலைமுடி அவிழ்ந்து கதவைத் திறந்தாள்.

"என்னப்பா? அம்மாவுக்கு என்னாச்சு?"

அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டியில் புறங்கையை வைத்தேன். ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை. பச்சை லைட் இல்லை, எந்த லைட்டும் இல்லை. வாடை. இந்தத் தடவை சட்டையிலிருந்து வரவில்லை. பிளக்கைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் பின்னால் மகள் குரல்.

"அப்பா. பிள்ள மூச்சு விடலப்பா."

திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் பேத்தி இரண்டு கையையும் விரித்து, வாயைத் திறந்தபடி கிடந்தாள். அழுகிற வாய். அழுகை வரவில்லை. முகம் சிவப்பிலிருந்து வேறு நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் போட்ட கத்தலில், நான் அடித்த கதவில் தூக்கிவாரிப் போட்டு அப்படியே நின்றுவிட்டது அந்த மூச்சு. மகள் உள்ளங்காலைச் சுண்டினாள். மறுபடியும் சுண்டினாள். நான் கையில் பிளக்கோடு நிற்கிறேன். எத்தனையோ மோட்டாரை ஓட வைத்த கை. அதை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த அறையில் அப்போது எந்தச் சத்தமும் இல்லை.

மூன்றாவது தடவை சுண்டியதும் அழுதாள். பூனைக்குட்டி கத்துகிற மாதிரி, பிறகு பலமாக. மகள் அவளை அள்ளி நெஞ்சோடு வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

சொல்லிவிட்டேன். மஞ்சள் ஒயர், கறுப்பு ஒயர், மாப்பிள்ளையிடம் சொன்ன பொய், ஒன்பது நாள், ஆடு, எல்லாவற்றையும். அவள் பிள்ளையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"தீப்பிடிச்சிருக்குமாப்பா?"

அதெல்லாம் பிடிக்காது என்று வாயில் வந்துவிட்டது. நாற்பத்தைந்து வருடப் பழக்கம். விழுங்கினேன். "பிடிக்கும்னும் சொல்ல முடியல, பிடிக்காதுன்னும் சொல்ல முடியலத்தா" என்றேன்.

அதற்குள் அவள் போன் அடித்தது. மாப்பிள்ளை. படம் திடீரென்று போனதில் பதறிப்போய் ஐந்தாவது தடவையாகக் கூப்பிடுகிறார். "என்னாச்சு? பிள்ள ஏன் அழுகுது?" மகள் போனை என்னிடம் நீட்டினாள். மாப்பிள்ளையிடமும் முதலிலிருந்து சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அது அளவுக்கு மீறி சூடானா தன்னால நின்னுக்கிரும் மாமா. உள்ள இன்னொரு காவல் இருக்கு. அதான் நின்னுருக்கு" என்றார் கடைசியில். "ஆனா அது பழசு. அது வேல செய்யும்னு நம்பி என்னால சொல்ல முடியாது." பிறகு, "நான் கேட்டேன்ல மாமா. கேட்டேன்ல?" என்றார். அந்தப் பிள்ளை என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. நாலு நாள் என்னோடு பேசவும் இல்லை.

பெட்டியை அன்றைக்கே இறக்கினேன். திறந்து பார்த்தால் ஒரு காற்றாடி ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இன்னொன்றின் அச்சில் என் பருத்தி நூல், காயில் சுற்றிய மாதிரி வரிசையாக, இறுக்கமாகச் சுற்றியிருந்தது. அது நின்றபோது மஞ்சள் ஒயர் சொல்லியிருக்கும். நான்தான் அதன் வாயைக் கட்டி வைத்திருந்தேனே. நூலை வெட்டி எடுக்கப் பிளேடு தேவைப்பட்டது. வீட்டுக்காரி வந்து எல்லாம் கேட்டாள், கிண்டல்கூடப் பண்ணவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

பதினாலு கேமராவும் அப்படியே குருடாக நிற்கிறது. தெருவில் கேட்கிறவர்களிடம் ரிப்பேர் என்று சொல்கிறேன். கடைக்கு வருகிற சம்சாரிகளிடம், ரிலேயைக் கட்ட மாட்டேன், வேறு கடைக்குப் போய்க்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். போகிறார்கள். என் காதுபடவே, "ஆளுக்கு வயசாயிருச்சுப்பா, பயந்துட்டாரு" என்று பேசிக்கொண்டு போகிறார்கள்.

பெட்டி இறங்கி இரண்டாம் நாள். மகள் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். நான் குளித்து, வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு போனேன்.

"நான் குளிச்சுட்டு வாரேன். அம்மா சமையக்கட்டுல இருக்கு. நீங்க பிள்ள பக்கத்துல உக்காருங்க. மூச்ச மட்டும் பாருங்க" என்றாள். கதவருகே போனவள் திரும்பி நின்றாள். "ஒண்ணு சொல்றேன்ப்பா. சந்தேகம்னா என்னயக் கூப்பிடணும். நீங்களா எதையும் சரி பண்ணக் கூடாது."

"சரி ஆத்தா."

கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தலை கட்டில் மட்டத்துக்கு வந்தது. அறையில் சத்தமே இல்லை. முதலில் மூச்சு கேட்டது. சின்னச் சின்னதாக, ஒழுங்கில்லாமல், நாலு வேகமாக, ஒன்று மெதுவாக. எந்த மோட்டாரும் இப்படி ஓடி நான் கேட்டதில்லை. ஓடியிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லியிருப்பேன். எண்ண ஆரம்பித்தேன். எண்ணிக்கை தப்பியது. பிறகு மூச்சு கேட்கவில்லை. குனிந்தேன். என் மூச்சுதான் கேட்டது. என் மூச்சை அடக்கினேன். துணி ஏறி இறங்குகிறதா, காற்றில் அசைகிறதா? கை தானாக அவள் காலை நோக்கிப் போனது. பாதி வழியில் நிறுத்திக்கொண்டேன்.

"ஆத்தா" என்று பாத்ரூம் பக்கம் குரல் கொடுத்தேன். மெதுவாகத்தான் கொடுத்தேன். "எனக்குத் தெரியலத்தா. நீ வந்து பாரு."

தண்ணீர் நின்றது. ஈரத் தலையோடு, நைட்டியை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். குனிந்து காதைக் கொடுத்தாள்.

"தூங்குதுப்பா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

உள்ளே போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் மறுபடியும் கேட்டது. நான் மறுபடியும் எண்ண ஆரம்பித்தேன். இருபது வரைக்கும் வந்திருப்பேன்.

"ஆத்தா, எனக்குத் தெரியலத்தா."

இந்தத் தடவை அவள் நடந்துதான் வந்தாள். குனிந்து பார்த்துவிட்டு, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.